டேலி பிரைம் காஸ்ட் சென்டர்: மறைமுகச் செலவைப் பிரிக்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

டேலி என்னும் கணக்கு மென்பொருளில் ஆயத்தமாக வரும் 28 குரூப்களில் (கணக்குத் தலைப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுதிகளில்) ‘இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ்’ ஒன்று. குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. டேலிக்கு மொத்த லாபம் (கிராஸ் பிராஃபிட்) காணும் முன் கழிவது டைரக்ட், கண்ட பின் கழிவது இன்டைரக்ட். அடக்கவிலைக் கணக்கு கேட்பது வேறு: இந்தச் செலவு இந்தப் பொருளுக்குத்தான் என்று நேராக எழுத முடியுமா? தொழிற்கூட வாடகையை அப்படி எழுத முடியாது. அது மறைமுகச் செலவு. ஆனால் டேலியில் அதைப் பெரும்பாலும் ‘டைரக்ட் எக்ஸ்பென்சஸ்’ குரூப்பில்தான் வைப்பார்கள். குரூப் பெயரை நம்பி மேற்செலவு (மறைமுகச் செலவுகளின் தொகுப்பு) பட்ஜெட் போட்டால் வாடகை விட்டுப்போகும்.

இந்த ஓட்டையை அடைப்பது, எந்தத் துறைக்கு ஆன செலவு என்று குறித்து வைக்கும் காஸ்ட் சென்டர்தான். எஃப்11 விசை திறக்கும் அமைப்புத் திரையில் அதை இயக்கி, துறைவாரியாக சென்டர்களை உருவாக்கி, லெட்ஜரில் (தனிக் கணக்குத் தலைப்பில்) ‘காஸ்ட் சென்டர்ஸ் ஆர் அப்ளிகபிள்’ என்பதற்கு ‘யெஸ்’ கொடுக்க வேண்டும். இதை மறந்தால் வவுச்சரில் (செலவைப் பதியும் இடத்தில்) பிரிக்கும் திரையே வராது.

சதவீதங்களை ‘காஸ்ட் சென்டர் கிளாஸ்’ஸில் ஒருமுறை பதிந்துவிட்டால் மாதாமாதம் தட்ட வேண்டியதில்லை. இதுவே இந்த வசதியின் பெரிய பலம். வெட்டும் பிரிவு 1,200 சதுர அடி, தையல் 2,400, அலுவலகம் 400 என்றால் 60,000 வாடகை 30, 60, 10 சதவீதமாகி 18,000, 36,000, 6,000 என விழும். மின்சாரத்துக்கு இதே கிளாஸ் கூடாது. அதற்கு இயந்திர மணிநேரம் அடிப்படை. செலவைத் தூண்டுவது எதுவோ, அதற்கொரு கிளாஸ்.

குறையும் இங்கேதான். சதவீதத்தை டேலி கணக்கிட்டுத் தராது. எக்செலில் போட்டு நாம்தான் கொடுக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு மேற்செலவு ஏற்றுவது என்பதும் நம் பொறுப்பே. ஆண்டு மேற்செலவு 90,000, திட்டமிட்ட உழைப்பு 1,500 மணி என்றால் விகிதம் மணிக்கு 60. நடந்தது 1,200 மணிதான் என்றால் பொருள்களில் ஏறியது 72,000. செலவு அப்படியே 90,000 ஆகியிருந்தால் மீதி 18,000 எந்தப் பொருளின் விலையிலும் இல்லை. காஸ்ட் சென்டர் அறிக்கை இதைக் காட்டாது.

சென்டர் வாரியாக பட்ஜெட் போட்டு ஒப்பிடும் வசதி நன்றாகவே இருக்கிறது. செலவு லெட்ஜர்களுக்கு ‘ஆன் நெட் டிரான்சாக்‌ஷன்ஸ்’ வகையையே (அந்தக் காலத்தின் பதிவுகள் மட்டும்) தேர்ந்தெடுங்கள். ‘குளோசிங் பேலன்ஸ்’ என்றால் முந்தைய மாதங்களின் தொகையும் சேர்ந்து வரும்.