தாள்கோப்பா, கடவுச்சொல் செயலியா: வீட்டாருக்கு விட்டுச் செல்லும் விவரப்பட்டியல்

2024 ஜனவரியில் என் தங்கையின் கணவர் தமது 52ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். வரவு செலவில் அவரைப் போல ஒழுங்கானவரை நான் பார்த்ததில்லை. மின்கட்டணமோ காப்பீட்டுத் தவணையோ பிள்ளைகளின் கல்விக் கட்டணமோ ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் அந்த ஒழுங்கு முழுவதும் அவருடைய கைப்பேசிக்குள் இருந்தது. அந்தக் கைப்பேசியைத் திறக்க அவருடைய விரல்ரேகை வேண்டும், அல்லது அவர் யாருக்கும் சொல்லாத ஆறு இலக்க எண் வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அதை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, "அண்ணா, இவர் எந்தெந்த பேங்க்ல என்னென்ன வச்சிருந்தார்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள் தங்கை. எல்லாவற்றையும் தேடிச் சேர்க்க ஏழு மாதங்கள் பிடித்தன.

அந்த அலைச்சலுக்குப் பிறகு, என் காலத்துக்குப் பின் என் மனைவி அப்படி உட்கார நேரக்கூடாது என்று மூன்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்தேன். முதலாவது, வீட்டு அலமாரியில் வைக்கும் தாள்கோப்பு. இரண்டாவது, எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பூட்டுக்குள் வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி. மூன்றாவது, கூகுள் கணக்கில் ஒரு விரிதாளை எழுதி வைத்து, அந்தக் கணக்கை நான் நீண்ட காலம் பயன்படுத்தாமல் போனால் அது மகனுக்குப் போகும்படி ஏற்பாடு செய்வது. நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுத் திருச்சியில் வசிப்பவன். மகன் பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கிறான், மகள் கோவையில் இருக்கிறாள். என் தேர்வு தாள்கோப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டுக்கும் நான் முழு நியாயம் செய்யவில்லை என்று தோன்றினால் அதற்குக் காரணம் இந்தச் சாய்வுதான்.

கோப்புக்குச் செலவில்லை, ஆனால் தீயும் கரையானும் உண்டு. செயலி பாதுகாப்பானது. இணையத்தில் இருப்பதை எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். இவை எல்லாரும் அறிந்தவை.

செயலியை மகன்தான் என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். பிட்வார்டன் போன்ற செயலிகளில் அவசர அணுகல் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது: நாம் நம்பும் ஒருவரை முன்கூட்டியே குறித்து வைக்கிறோம்; அவர் பின்னாளில் அனுமதி கேட்கும்போது, நாம் குறித்த காத்திருப்பு நாட்களுக்குள் நாம் மறுக்காவிட்டால் நம் கடவுச்சொற்கள் இருக்கும் பெட்டகம் அவருக்குத் திறந்துவிடும். இதை யோசித்தவர்களை மெச்சாமல் இருக்க முடியாது. எட்டு மாதங்கள் அதைப் பயன்படுத்தினேன். இன்றும் என் சொந்த வசதிக்காக வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டாருக்கு விட்டுச் செல்லும் பொருளாக அதைக் கருதுவதை நிறுத்திவிட்டேன். தங்கைக்காக அலைந்த ஏழு மாதங்களில் ஓரிடத்தில்கூடக் கடவுச்சொல் தேவைப்படவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அவருடைய பெயரில் இணைய வங்கிக்குள் நுழைவதும், அவருடைய அட்டையைக் கொண்டு பணம் எடுப்பதும் முறையல்ல. பலர் செய்கிறார்கள், பின்னர் மற்ற வாரிசுகள் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். வங்கி கேட்பது இறப்புச் சான்றிதழ், உரிமைகோரும் படிவம், நாமினியின் அடையாளச் சான்று ஆகியவற்றைத்தான். நாமினி இல்லாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் சரியாக இருந்தால் 15 நாட்களுக்குள் பணத்தைத் தீர்வு செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, விதவையான ஒரு பெண்ணுக்கு முதலில் வேண்டியது, இன்ன ஊர்க் கிளையில் இன்ன பெயரில் ஒரு வைப்பு இருக்கிறது என்ற செய்தி. அந்தச் செய்தி தெரியாவிட்டால் உரிமைகோர அவளுக்கு வழியே இல்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் செய்தி ஒரு பழைய பாஸ்புக்கிலிருந்து வந்தது. முந்தைய மே மாதப் பக்கத்தில் 436 ரூபாய் பிடித்தம் ஒன்று இருந்தது. தங்கை அதை வங்கிக் கட்டணம் என்று நினைத்திருந்தாள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுத் தவணை. எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதைப் போலவே, வருங்கால வைப்புநிதியில் இருந்தபடி பணியிலேயே இறக்கும் ஊழியரின் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை உண்டு என்பதும், அதற்குப் படிவம் 5ஐஎஃப் என்றும், வைப்புநிதிக்குப் படிவம் 20 என்றும், ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி என்றும் இருப்பதும் அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அதுவரை அரைகுறையாகத்தான் தெரியும். இவற்றில் எதற்கும் கடவுச்சொல் கிடையாது. கடவுச்சொல் இல்லாத ஒன்றைக் கடவுச்சொல் செயலியில் எழுதி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. குறிப்பு எழுதும் பகுதி அதில் இருக்கத்தான் செய்கிறது, எட்டு மாதங்களில் நான் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

கைமாற்றாகக் கொடுத்த பணம், இன்னும் நான்கு தவணை பாக்கியுள்ள சீட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகு வைத்த வளையல், வீட்டு மனையின் மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற விவரம் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவைதான். நடுத்தரக் குடும்பத்தின் சொத்தில் கணிசமான பகுதி இப்படி எந்தத் திரைக்குள்ளும் இல்லாமல் மனிதர்களின் நினைவில் இருக்கிறது. அடகு நகைக்கு உரிய நேரத்தில் வட்டி கட்டாவிட்டால் ஏல அறிவிப்பு வரும். அறிவிப்பு இறந்தவரின் பெயருக்குத்தான் வரும்.

இவ்வளவும் கோப்பின் பக்கம் நின்றாலும், பராமரிப்பு என்று வரும்போது கோப்பு தோற்கத் தொடங்குகிறது. நான் அதிகம் திண்டாடியதும் இங்கேதான். செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். கடவுச்சொல்லை மாற்றும்போதே அது கேட்டு எழுதிக்கொள்ளும், ஏனென்றால் நமக்கு அது தினமும் வேண்டியிருக்கிறது. கோப்போ நமக்கு ஒருநாளும் வேண்டியதில்லை. தனக்குப் பயன்படாத ஒன்றைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பது மனித சுபாவத்துக்கு எதிரானது. என் முதல் முயற்சி தைத்த அட்டை போட்ட ஒரு டைரி. முதிர்ந்த வைப்பை அடித்துப் புதியதை ஓரத்தில் எழுதி, அதையும் அடித்து அம்புக்குறி போட்டு, ஓர் ஆண்டுக்குள் அது எனக்கே புரியாத நிலையை அடைந்தது. காலாவதியான பட்டியல், பட்டியலே இல்லாததைவிட மோசமானது. மூடிய கணக்கைத் தேடி ஒரு பெண் மூன்று முறை வங்கிக்கு நடப்பாள், மூன்றாம் முறைக்குப் பிறகு பட்டியலின் மற்ற வரிகளையும் நம்ப மாட்டாள்.

இதற்கு நான் கண்ட வழி இரண்டு. ஒன்று, டைரியை விட்டுவிட்டு, தாள்களைக் கோத்து எடுக்கக்கூடிய கோப்புக்கு மாறியது. ஒரு விஷயத்துக்கு ஒரு தாள். தாளின் மேல் வலது மூலையில் எழுதிய தேதி. விவரம் மாறினால் அடித்தல் திருத்தல் இல்லை, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாள். இரண்டாவது, புதுப்பிக்கும் நாளை நான் தவிர்க்க முடியாத வேறொரு நாளோடு முடிச்சுப் போட்டது. ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுத்துவிட்டு வந்த அன்று மாலையே, இல்லாமல் போகும் நாளுக்கான கோப்பைப் பிரித்து உட்காருகிறேன். இதில் இருக்கும் வேடிக்கையாலோ என்னவோ, இதுவரை தவறவில்லை. கடந்த நவம்பரில் ஒவ்வொரு தாளிலும் நாமினி வரியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம் என்று விதி மாறியிருக்கிறது. ஓய்வூதியம் இல்லாதவர்கள் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலையையோ, ஆயுத பூஜையையோ தேர்ந்துகொள்ளலாம்.

செயலிக்கும் பராமரிப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கட்டணத் திட்டமாக இருந்தால் சந்தா புதுப்பிக்கப்பட வேண்டும், நம்பகமானவராகக் குறித்தவரின் மின்னஞ்சல் உயிரோடு இருக்க வேண்டும், அப்படி ஒருவர் தாம் என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எளிதாகத் தெரியும். என் மகனிடம் ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது அவன் விழித்தான்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கூகுளின் செயலற்ற கணக்கு ஏற்பாட்டில் காத்திருப்புக் காலத்தை 3, 6, 12 அல்லது 18 மாதங்களாக வைக்கலாம். குறைந்தபட்சமான மூன்று மாதம் என்பதே, கையில் பணமில்லாமல் நிற்கும் வீட்டுக்கு மிக நீண்ட காலம். புகைப்படங்களுக்கும் கடிதங்களுக்கும் அது பொருத்தமான ஏற்பாடு, அதற்காக வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரல் முதல், ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கரில் பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விவர அறிக்கைகளைச் சேமித்து, அவற்றைப் பிற்காலத்தில் பார்க்க ஒருவரை நியமிக்கும் வசதியும் வந்திருக்கிறது. என் கைவசம் பங்குகள் இல்லாததால் நான் அதை முயன்றதில்லை.

செயலியே சரியான தேர்வாக இருக்கக்கூடியவர்களும் உண்டு. இணையதளமும் அதன் பெயர்ப் பதிவும் வைத்துத் தொழில் நடத்துபவர், வாடிக்கையாளர்களின் கோப்புகளை இணையத்தில் வைத்திருப்பவர், கிரிப்டோ என்னும் மின்நாணயம் வைத்திருப்பவர் ஆகியோருக்குக் கடவுச்சொல்லே சொத்து. கிரிப்டோவைச் சொந்த மின்பணப்பையில் வைத்திருந்தால், அதைத் திறக்கும் சாவிச்சொற்கள் தொலைந்தபின் இறப்புச் சான்றிதழைக் காட்டி மீட்கக் கிளை அலுவலகம் எதுவும் இல்லை. இந்த வகை வாழ்க்கை என்னுடையதல்ல என்பதால், என் மகனுக்கு நான் சொன்னது இதுதான்: செயலியை வைத்துக்கொள், அது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உன் மனைவியிடம் கொடு.

என் கோப்பில் தொகைகளும் கடவுச்சொற்களும் கிடையாது. வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், நாமினி, ரசீது இருக்கும் இடம், கேட்க வேண்டிய ஆள் இவ்வளவே. தொகையை எழுதினால் அது ஒவ்வொரு மாதமும் மாறும், திருடனுக்கும் பயன்படும். முதல் தாளில் ஓய்வூதிய ஆணை எண்ணும், நான் இறந்த நாளுக்குப் பிந்தைய காலத்துக்கு வரவாகும் ஓய்வூதியத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும், அதைத் தொட வேண்டாம் என்ற குறிப்பும் இருக்கின்றன. இரண்டாம் தாளில், இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், என் கைப்பேசி எண்ணைச் சில மாதங்களுக்கு ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்; மறந்துபோன தவணைகள் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் காப்பீட்டு வழக்கிலும், 2023இல் பங்குகள் பற்றிய வழக்கிலும் சொல்லியிருப்பதால், உயில் தனி, இந்தக் கோப்பு தனி என்றும் ஒரு வரி உண்டு. உயிலில்லாமல் இறந்த என் மைத்துனரின் சொத்தில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாயாருக்கும் மனைவி மக்களோடு சமபங்கு உண்டு என்பது எங்கள் வீட்டில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோப்பின் உண்மையான சோதனையை எழுதியவன் பார்க்க முடியாது என்பது இந்த ஒப்பீட்டின் பெருங்குறை. அதனால் போன நவம்பரில் ஓர் ஒத்திகை வைத்தேன். நான் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே மனைவியிடம் கோப்பைக் கொடுத்து, அஞ்சலகத் தொடர் வைப்பின் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து வந்து, "உங்க கையெழுத்து எனக்குப் புரியலீங்க" என்றாள். முப்பது ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளில் எழுதித் தேய்ந்த கை அது. அன்றிரவே அவள் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் தன் கையெழுத்தில் படியெடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதியதில் பாதி விஷயங்கள் அவளுக்குப் புரிந்தும் போயின. படியெடுத்து முடித்தபின் கோப்பைப் பிரித்து, எனக்குச் சொல்லாமலே கடைசியில் இரண்டு தாள்கள் சேர்த்திருக்கிறாள். ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவில் அவள் சேமித்து வருவது. மற்றொன்றில், நான் பீரோவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி தோடு எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கிறது என்பதும், அதன் ரசீது அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது என்பதும்.