வரிசைமாற்றமா, சேர்வா?

10 பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என 3 பேரைத் தேர்ந்தெடுப்பது வரிசைமாற்றம்: 10×9×8 = 720. பதவி இல்லாமல் 3 பேர் கொண்ட குழு மட்டும் போதுமென்றால் சேர்வு: அதே மூவர் 3! (அதாவது 3×2×1) = 6 விதமாக வருவதால் 720÷6 = 120. குழம்பினால் இருவரை இடம் மாற்றிப் பாருங்கள். முடிவு மாறினால் வரிசைமாற்றம்தான்.

சேர்வில்தான் அதிகம் வழுக்கும். அந்த 10 பேரில் 4 பேர் பெண்கள். குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும். முதலில் ஒரு பெண்ணை எடுத்து, மீதி 9 பேரில் இருவரைச் (9×8÷2 = 36 விதம்) சேர்த்தால் 4×36 = 144. மொத்தக் குழுக்களே 120தானே! மலரை எடுத்துச் செல்வியைச் சேர்த்தாலும், செல்வியை எடுத்து மலரைச் சேர்த்தாலும் குழு ஒன்றே. எண்ணிக்கையிலோ இருமுறை வந்துவிடுகிறது. 6 ஆண்களிலிருந்து மட்டும் அமையும் 20 குழுக்களை (6×5×4÷6) 120-இல் கழியுங்கள்: 100.