ஆபீஸ் சர்வரை ஷேர்பாயிண்ட்டுக்கு மாற்றிக் கொடுத்த இரண்டு பேர்: ஒரு ரிவ்யூ

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று கீழே வரும். பேர் போடவில்லை. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு மாடியில் இரண்டு தம்பிகள் மட்டும் உட்கார்ந்து செய்கிற வேலை, இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியவில்லை, எங்கேயும் எங்கள் பேரைப் போட்டுவிடாதீர்கள் அக்கா என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அதனால் இதைப் படித்துவிட்டு அவர்களைத் தேட வேண்டாம். உங்கள் ஊரில் இந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும் என்ன கேட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது ஆடிட்டர் ஆபீஸ். புதுச்சேரி ரெயின்போ நகரில் தரைத்தளம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளை. ரெயின்போ நகர் என்றாலே புதுச்சேரிக்காரர்களுக்கு மீதி புரிந்திருக்கும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, கொட்டித் தீர்த்து, மறுநாள் தெருவே குளமானபோது நானும் வாட்ச்மேன் அண்ணனும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஆபீஸ் ஃபைல் எல்லாம் இருக்கிற சர்வரை டேபிளுக்கு மேல், டேபிளை இரண்டு பெஞ்சுக்கு மேல் என்று ஏற்றி வைத்தோம். 2011இல் ‘தானே’ புயல் வந்தபோதும் கிட்டத்தட்ட இதே கூத்துதான், அப்போது வேறு சர்வர். போதாக்குறைக்கு இந்தப் பெட்டியில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, அதற்கு மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. தண்ணீர் வடிந்த வாரமே, போதும், எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடலாம் என்று எங்கள் ஆடிட்டர் சார் சொல்லிவிட்டார். மேலே என்றால் மாடிக்கு இல்லை, கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் ஃபைல் வைக்க மைக்ரோசாஃப்ட் தருகிற ஷேர்பாயிண்ட்டுக்கு.

எனக்குப் பயம் ஃபைல் தொலைந்துபோகும் என்று இல்லை. சில வருஷம் முன்னால் பழைய பெட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்கு மாற்றியபோது வேறு ஒருவர் வந்து செய்தார். சனிக்கிழமை ராத்திரி காப்பி போட்டார், ஞாயிறு சாயங்காலம் எல்லாம் ஓகே மேடம் என்றார், ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. திங்கள்கிழமை காலை பதினொரு மணி டீக்குள், ஆபீஸில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது ஆர்டிகிள்ஷிப் என்று சி.ஏ. பயிற்சிக்கு வந்திருக்கிற பையன்கள் உட்பட அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. சம்பள ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்தது. அதற்கப்புறம் இரண்டு மாசம் ஆபீஸ் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அது ஏன் அப்படி ஆனது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தத் தம்பிகள்தான் இத்தனை வருஷம் கழித்துச் சொன்னார்கள். விண்டோஸ் சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு இருக்கிறதாம். ஒன்று ஃபோல்டரின் மேலேயே இருப்பது, செக்யூரிட்டி என்ற டேப்பில் தெரிவது. இன்னொன்று அந்த ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் பண்ணும்போது போடுவது. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டும் திறக்க வேண்டும், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். எங்கள் சம்பள ஃபோல்டரில் முதல் பூட்டு எவரிஒன், ஃபுல் கண்ட்ரோல், அதாவது எல்லோருக்கும் முழு உரிமை என்று அகலத் திறந்து கிடந்திருக்கிறது, இரண்டாவது பூட்டுதான் அதுவரை காப்பாற்றியிருக்கிறது. அந்த இரண்டாவது பூட்டு ஃபைலோடு சேர்ந்தது இல்லை, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில், அந்தச் சர்வரிலேயே இருப்பது. விண்டோஸில் காப்பி போடுகிற ரோபோகாப்பி என்ற கட்டளையில் எந்த ஆப்ஷனைப் போட்டு இழுத்தாலும் அது கூட வராது. பழைய வீட்டு வாசல் பூட்டை அங்கேயே விட்டுவிட்டு பீரோவை மட்டும் தூக்கி வந்த மாதிரி.

சரி, இந்தத் தடவை என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். முதல் நாள் அவர்கள் சர்வரைத் தொடவே இல்லை. சம்பளப் பதிவேட்டைக் கேட்டார்கள். எதற்கு என்றேன். இப்போது இங்கே வேலை பார்க்கிறவர்கள் யார் யார் என்று சர்வரைக் கேட்டால் பொய் சொல்லும் அக்கா, சம்பளப் பதிவேடு பொய் சொல்லாது என்றான் சின்னவன். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சர்வரில் 61 லாகின். ஆபீஸில் இரண்டு ஊரும் சேர்த்து 34 பேர். மீதி எல்லாம் யார்? ஆர்டிகிள்ஷிப்புக்கு வந்து முடித்துவிட்டுப் போன பிள்ளைகள், ஒரு காலத்தில் ஸ்கேனருக்காகப் போட்டது, டெஸ்ட், டெஸ்ட்2, பழைய ரிசப்ஷனிஸ்ட். இதைத் தவிர, நிறைய ஃபோல்டரின் பர்மிஷனில் பேரே இல்லாமல் எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து ஒரு முழ நீளத்துக்கு எண் இருந்தது. விண்டோஸ் உள்ளே பேரை எழுதி வைப்பதில்லையாம், ஆளுக்கு ஒரு எண்ணைத்தான் எழுதி வைக்கும், நமக்குக் காட்டும்போது மட்டும் பேராக மாற்றிக் காட்டும். ஆளை அழித்துவிட்டால் எண் மட்டும் அங்கேயே கிடக்கும். அந்த எண்களுக்கு உரியவர்கள் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, எடுத்துவிடலாம் என்று சார் சம்மதித்தார்.

அடுத்தது செந்தில் பிரச்சினை. எங்களிடம் இரண்டு செந்தில்குமார். சர்வரில் ஒருவர் செந்தில், இன்னொருவர் செந்தில்1. புது ஈமெயிலில் இனிஷியல் பின்னால் வருகிற மாதிரி ஒருவர் செந்தில்குமார் எஸ், இன்னொருவர் செந்தில்குமார் கே. இதில் யார் யார்? மென்பொருளைத் தானாகப் பொருத்தச் சொன்னால் பேர் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்து சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால், ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி. வெள்ளைக்காரன் எழுதின பொருத்தம் பார்க்கிற ஜோசியம் இங்கே பலிக்காது. எஸ் செந்தில், எங்கள் சாரோடு நேரடியாக வேலை பார்க்கிறவர், பார்ட்னர்கள் கணக்கு அவரிடம்தான். கே செந்தில் வந்து ஏழு மாசம்தான் ஆகிறது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் பழைய சம்பளக் கதையே தேவலை என்று ஆகியிருக்கும்.

அதனால் தம்பிகள் எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டு, பிரின்ட் எடுத்து, ஒவ்வொருவரிடமும் போய் உன் பழைய லாகின் எது, புது ஈமெயில் எது என்று கேட்டு டிக் அடித்தார்கள். கடலூருக்கும் பைக்கில் போய்விட்டு வந்தார்கள், ஃபோனிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். போனதால்தான் ஒன்று வெளியே வந்தது. மஞ்சக்குப்பத்தில் நாலு பேர் ஒரே லாகினில் வேலை பார்க்கிறார்கள், பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. ஒரு லாகினுக்கு நாலு ஆள் என்றால் எதை எதோடு பொருத்துவது? நாலு பேருக்கும் தனி லாகின் போட்டு, ஒரு குரூப் ஆக்கி, பழைய லாகினுக்கு இருந்த உரிமையை அந்தக் குரூப்புக்குக் கொடுத்தார்கள்.

கடைசியில் மென்பொருளுக்குப் போனது மூன்றே நெடுவரிசை உள்ள ஒரு சிஎஸ்வி ஃபைல், வெறும் எழுத்தில் உள்ள அட்டவணை. பழைய பேர், புது பேர், இது குரூப்பா என்பதற்கு ட்ரூ அல்லது ஃபால்ஸ். பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட்டே தருகிற ஷேர்பாயிண்ட் மைக்ரேஷன் டூல், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. பார்த்தால் அரைப் பக்கம்கூட இல்லை, அதைச் சரியாக எழுதத்தான் ஒன்பது நாள் ஆனது. ஃபைல்கள் நகர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குள்.

பேரைப் பொருத்திவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன், இல்லை. உரிமையையும் பொருத்த வேண்டும். எங்களிடம் ஆர்டிகிள்ஷிப்பில் இருக்கிற ஒரு பையனின் மாமா கம்பெனி எங்கள் கிளையன்ட். அந்த ஃபோல்டரை மட்டும் அவன் பார்க்கக் கூடாது என்று எப்போதோ யாரோ அவன் பேரில் டினை, அதாவது மறுப்பு, போட்டு வைத்திருந்தார்கள். ஆர்டிகிள்ஸ் குரூப்புக்குத் திறந்த ஃபோல்டர், அவனுக்கு மட்டும் மூடியது. இந்த டூல் டினையைக் கொண்டுபோகாது. ஷேர்பாயிண்ட் ஃபோல்டரில் இவருக்கு மட்டும் கூடாது என்று எழுதுகிற இடமே கிடையாது, யாருக்கு உண்டு என்று மட்டும்தான் எழுதலாம். அப்படியே நகர்த்தியிருந்தால் பையன் குரூப்பில் இருப்பதால் திறந்துகொண்டிருக்கும், நமக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. தம்பிகள் முன்கூட்டியே டினை இருக்கிற இடங்களை எல்லாம் பட்டியல் எடுத்து வந்து கேட்டார்கள், மூன்று இருந்தது. மூன்றுக்கும் அந்த ஆள் இல்லாத தனி குரூப் போட்டார்கள்.

இன்னொன்று, ஸ்கேன் ஃபோல்டர். கடலூர் ஆட்கள் அதில் ஃபைல் போடலாம், அழிக்க முடியாது, பழைய சர்வரில் அப்படி ஸ்பெஷல் பர்மிஷன் இருந்தது. அந்த நுணுக்கமும் நகராது. பழைய எழுதும் உரிமை புது இடத்தில் கான்ட்ரிபியூட் என்ற உரிமை ஆகும், கான்ட்ரிபியூட்டில் அழிப்பதும் அடக்கம். வருமான வரி நோட்டீஸ் ஸ்கேன் செய்து போடுகிற இடத்தில் அது சரிப்படாது என்று, அழிக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு பர்மிஷன் லெவல் செய்து கொடுத்தார்கள்.

சம்பளம், பார்ட்னர்கள் கணக்கு இரண்டும் பழைய உரிமையோடு வரவே வேண்டாம் என்று தனி சைட் போட்டு, மூன்று பேர் மட்டும் உள்ளே. இதற்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. பழைய சர்வரில் தப்பாகத் திறந்து கிடந்தாலும் ஒன்பது ஃபோல்டர் உள்ளே போய் யாரும் தோண்ட மாட்டார்கள். புது இடத்தில் மேலே தேடல் பெட்டி இருக்கிறது. தேடுகிறவருக்கு எதெல்லாம் திறக்குமோ அதெல்லாம் தேடலில் வரும், சம்பளம் என்று ஒருவர் சும்மா அடித்துப் பார்த்தால் போதும்.

சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரும் தங்கள் ஃபைல் திறக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்தான். இவர்கள் திறக்கக் கூடாதது திறக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த மாமா கம்பெனி பையனையே கூப்பிட்டு உட்கார வைத்து, தம்பி உன் லாகினில் மாமா கம்பெனி பேரைத் தேடு என்றார்கள். ஒன்றும் வரவில்லை. நானும் சாரும் பின்னால் நின்று பார்த்தோம். பையன்தான் கொஞ்சம் நெளிந்தான், பாவம்.

டேலி டேட்டாவை மட்டும் ஷேர்பாயிண்ட்டில் வைக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அது தனி மெஷினில், இப்போது நிஜமாகவே மாடியில்.

இனி அந்தக் குறைந்த ஒரு மார்க். எங்களிடம் ஒரு எக்ஸெல்லிலிருந்து இன்னொரு எக்ஸெல்லுக்கு லிங்க் போட்ட ஃபைல்கள் நிறைய. எல்லாம் இசட் டிரைவ், அதாவது பழைய சர்வர், என்று ஆரம்பிக்கிற பாதை. இசட் டிரைவே இல்லாமல் போன பிறகு அந்த லிங்க் எப்படி வேலை செய்யும்? திங்கள்கிழமை காலை வரிசையாக ஃபோன், கடலூரிலிருந்து மட்டும் ஏழு. இது நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பர்மிஷன் வேலையில் மூழ்கி எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், இரண்டு நாள் வந்து முக்கியமான ஃபைல்களைச் சரி செய்தார்கள், ஆனால் நாங்கள் கையில் தட்டித் தட்டி மாற்றியதுதான் அதிகம். பாதை நீளமும் இடித்தது. ஷேர்பாயிண்ட்டில் ஃபோல்டர் பேர்கள், ஃபைல் பேர் எல்லாம் சேர்த்து 400 எழுத்துக்குள் இருக்க வேண்டும், எங்களில் சிலர் கட்டுரை அளவுக்குப் பேர் வைப்பவர்கள். அதையாவது முன்பே சொல்லிப் பேர் மாற்ற வைத்தார்கள்.

இன்னொரு குறை, வெளியாட்கள். கிளையன்ட்டுகளுக்கு நாங்கள் ஃபைல் காட்டுவதற்கு என்ன ஏற்பாடு என்பது கொட்டேஷனில் இல்லை. கேட்டபோது அது தனி வேலை, தனி பில் என்றார்கள். நியாயமாக இருக்கலாம், முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பில் 38,000 ரூபாய். இதற்கு முன் கேட்ட இன்னொரு இடத்தில் 15,000 சொன்னார்கள், யூசர் மேப்பிங், அதாவது பழைய லாகினைப் புது ஈமெயிலோடு பொருத்துவது, எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆட்டோமேட்டிக் மேடம் என்று பதில் வந்தது. அதோடு ஃபோனை வைத்துவிட்டேன். ஜூலை, செப்டம்பர் மாசங்களில் ஆடிட்டர் ஆபீஸ் எதுவும் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள், நாங்கள் பிப்ரவரியில் செய்தோம். பழைய சர்வரைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி ஆக்கி மூன்று மாசம் வைத்திருந்தோம், அதற்குப் பிறகும் தூக்கிப்போட சாருக்கு மனசு வரவில்லை. இன்னும் அந்த இரண்டு பெஞ்சுக்கு மேலேதான் இருக்கிறது.