போட்டோவில் கோடு விழுந்தால்: மெனு கிளீனிங்கா, ஈரத்துணியா?

தங்கை கல்யாணப் படத்தை வீட்டு இங்க்ஜெட்டில் பிரிண்ட் போட்டேன். முகத்துக்குக் குறுக்கே வரிவரியாக வெள்ளைக் கோடுகள். மனசு கேட்கவில்லை.

எதில் இறங்கும் முன்பும் நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) செக் தாளை ஒருமுறை பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அதில் கோடுகள் விட்டுப்போயிருந்தால் நாசிலில் அடைப்பு. எல்லாம் முழுசாக இருந்தால் காகித வகையைச் சரியாகத் தேர்ந்திருக்கிறோமா, ஹெட் (நாசில்கள் இருக்கும் பகுதி) நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெனுவில் இருக்கும் ஹெட் கிளீனிங்கில் கை அழுக்காகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல மை வீணாகக் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. இரண்டு முறைக்கு மேல் ஓட்டாதீர்கள். ராத்திரி முழுக்க அப்படியே விட்டால், உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ் விலகிக் காலையில் சரியாவதும் உண்டு.

ஈரத்துணி வைத்தியம், காட்ரிட்ஜின் அடியிலேயே ஹெட் இருக்கும் மாடல்களுக்கு மட்டும். நூல் உதிராத துணியை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நாசில் பக்கத்தை அதன்மேல் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள், தேய்க்கவே கூடாது. பக்கவாட்டில் இருக்கும் செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் ஈரம் படக்கூடாது. துணியில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் மூன்றும் தனித்தனிப் பட்டையாக இறங்கினால் வழி திறந்துவிட்டது. எனக்கு மஞ்சள் மட்டும் கடைசிவரை அடம்பிடித்தது. மூன்றாவது ஒற்றலில்தான் இறங்கியது.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த காட்ரிட்ஜ் என்றால் நான் நேரே துணியைத்தான் எடுப்பேன். கழற்ற முடியாத ஹெட் என்றால் மெனுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அப்புறம் சர்வீஸ்தான்.