நோட்டாவா, சங்கமா, வார்டா? சேலத்துத் தொழிலாளியின் கோபத்துக்கு எது வழி

சேலத்தில் தறிக்காரரிடம் பேசினாலும் கொலுசுப் பட்டறைக்காரரிடம் பேசினாலும், அரசியல் பேச்சு சீக்கிரமே ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது: "யாரு வந்தாலும் நம்ம பொழப்பு இப்படித்தானுங்க." கோபத்தில் தப்பில்லை. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. நோட்டா போடு என்கிறார் ஒருவர், புறக்கணி என்கிறார் இன்னொருவர். புதுக்கட்சி, சங்கம், வார்டில் நம்ம ஆளையே நிறுத்துவது என்றும் யோசனைகள் உண்டு. நான் எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் கையில் என்ன மிஞ்சும்?

நோட்டாவை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் தமிழ்நாட்டில் அது முதலில் வந்ததே ஏற்காட்டில்தான். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தலில் அந்தப் பொத்தான் வந்துவிட்டது. களத்தில் பெரிய கட்சிகள் இரண்டுதான், மற்றவை ஒதுங்கிக்கொண்டன. அதிருப்தியைக் காட்ட இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. வாக்குப்பதிவும் 90 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஆனால் நோட்டாவுக்கு விழுந்தது நாலாயிரத்துச் சொச்சம். வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே இருந்த வித்தியாசமோ 70 ஆயிரத்துக்கும் மேல். நோட்டாவே எல்லோரையும்விட அதிகமாக வாங்கினாலும், வேட்பாளர்களில் முந்தியவர்தான் எம்எல்ஏ. பழைய 49-ஓ முறையில், யாருக்கும் ஓட்டில்லை என்பதை அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இப்போது அது ரகசியமாகிவிட்டது, அந்த ஆதாயம் உண்மைதான். ஆனால் என்ன கேட்டு அந்த ஓட்டு விழுந்தது என்பதும் சேர்ந்தே ரகசியமாகிவிடுகிறது.

புறக்கணிப்பு அப்படியில்லை. மலைக்கிராமத்தில் "ரோடு போடாமல் ஓட்டுக் கேட்டு வராதீர்கள்" என்று ஃபிளெக்ஸ் கட்டினால், கேட்பது யார், கேட்பது என்ன, இரண்டும் அதிலேயே இருக்கும். தாசில்தாரும் பிடிஓவும் ஜீப்பில் ஏறி வருவார்கள், பேச்சுவார்த்தை நடக்கும். ஒரே ஊர், ஒரே கோரிக்கை என்றால் நோட்டாவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வாக்குப்பதிவு முடிந்த மாலையோடு அந்தப் பிடி தளர்ந்துவிடும், அடுத்த பிடிக்கு அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். கூலி உயர்வு கேட்க இந்த வழி உதவவே உதவாது.

கட்சி வழியைச் சேலத்துக்காரர்களிடம் மட்டமாகப் பேச முடியாது. நீதிக்கட்சி திராவிடர் கழகமானது 1944 ஆகஸ்ட் 27 சேலம் மாநாட்டில்தான். 1970-களில் கிளைச் செயலாளராகத் தொடங்கி 2017-ல் முதல்வரான எடப்பாடி பழனிசாமியும் இந்த மாவட்டத்துக்காரர். அடிமட்டத்திலிருந்து மேலே போகலாம் என்பதற்கு அது சாட்சி. நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகலாம் என்பதற்கும் அதுவேதான் சாட்சி. புதுக்கட்சி என்றால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்தும் நம் தெருவில் அதற்குக் கிளை இருக்குமா?

சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1000 யூனிட் ஆனது. கைத்தறிக்கு 200-லிருந்து 300. கோரிக்கை வைத்துப் பெற்றதுதான், நல்ல விஷயம். ஆனால் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? தறி உரிமையாளர் பெயரில். இளம்பிள்ளையிலோ தாரமங்கலத்திலோ அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு அந்த யூனிட்டிலிருந்து நேராக ஒரு பைசா வராது. உரிமையாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூலிக்காரருக்கோ உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் கடனாக இருக்கிறது. அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது, குரலை உயர்த்தவும் முடியாது.

சேலம் உருக்காலையில் கதை வேறு. 2019 ஜூலையில் மத்திய அரசு அதை விற்க விருப்பம் கேட்டு அறிவிப்பு விட்டபோது தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று போராடின. ஆலை இன்றும் மத்திய அரசு நிறுவனமான செயில் கையில்தான் இருக்கிறது. விற்பனை நடக்காததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே கேட் வழியாக உள்ளே போகிறார்கள், வாயிலில் கூட்டம் போட்டால் மொத்த ஆலைக்கும் கேட்கும்.

கொலுசுத் தொழிலில் அந்தக் கேட்டே கிடையாது. சிவதாபுரம் பக்கம் ஒரு வீட்டில் முன்னறைதான் பட்டறை. ஓரமாகப் பற்றவைக்கும் விளக்கு, தரையில் ஒரு தட்டு, அதில் வெள்ளி வளையங்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், கூலியை ஏற்றிக் கேட்டால் என்ன என்றேன். தலை நிமிராமலே சொன்னார்: "யாருகிட்டங்க தம்பி கேக்கறது? வெள்ளி குடுக்கறவரு இன்னொருத்தருகிட்ட வாங்கியாந்து குடுக்கறாரு. அவருக்கும் மேல செவ்வாய்ப்பேட்டையில ஒருத்தரு. வெல ஏறிப்போச்சு, ஆர்டரு இல்லன்னுதான் எல்லாருஞ் சொல்றாங்க." வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு அந்தப் பதிலைப் பொய் என்றும் தள்ள முடியவில்லை.

இப்படிச் சிதறிக் கிடக்கும் தொழிலில் வேலைநிறுத்தத்தைவிட நல வாரியப் பதிவுதான் சங்கத்துக்கு நல்ல முதல் வேலை. 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த வாரியங்களில் பொற்கொல்லருக்கும் உண்டு, தறிக்கும் உண்டு. பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று கணக்கு இருக்கிறது. வாரிய அட்டையைப் புதுப்பிக்க மறந்து அதை இழந்தவர்கள் எத்தனையோ பேர். தெருத்தெருவாகப் போய் அந்த அட்டைகளை எழுதிக் கொடுக்கிற சங்கத்தைத் தேர்தலில் யாராலும் அசட்டை செய்ய முடியாது.

அந்தத் தெரு பலம் வார்டில்தான் எண்ணிக்கையாக மாறுகிறது. ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, 2011 கணக்கெடுப்பில் 8.29 லட்சம் மக்கள். வார்டுக்குச் சராசரி பதினான்காயிரம் பேர்கூட இல்லை, அதில் குழந்தைகளும் அடக்கம். பலமுனைப் போட்டி என்றால் சில ஆயிரம் ஓட்டில் ஜெயிக்கலாம். அம்மாபேட்டையிலோ குகையிலோ நாலைந்து தறித்தெரு சேர்ந்து நின்றால் எல்லா வேட்பாளரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2022-ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4000 ரூபாய். 2019 ஊரகத் தேர்தலில் கிராம வார்டுக்கு 200, ஊராட்சித் தலைவருக்கு 600, அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல்.

வார்டில் காசு விளையாடாது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் குறைவு என்பதால் விலைக்கு வாங்குவதும் சுலபம், கொடுப்பவர் தெரிந்த முகமாக வேறு இருப்பார். கவுன்சிலரால் கூலியை உயர்த்த முடியாது, வெள்ளிக்கு இருக்கும் 3 சதவீத ஜிஎஸ்டியைத் தொடவும் முடியாது. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை, அவ்வளவுதான் எல்லை. சாயத்தண்ணீர் நடுவில் குடியிருப்பவருக்கு அது சின்ன விஷயமுமல்ல.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. களத்தையே பூட்டிவிடுவார்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பிறகு, இங்கே ஊரகத் தேர்தலுக்கு 2019 டிசம்பர் வரையும் நகர்ப்புறத் தேர்தலுக்கு 2022 பிப்ரவரி வரையும் காத்திருந்தோம். 2025 ஜனவரியில் சேலம் மாவட்ட ஊராட்சிகளின் காலம் மறுபடி முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை என்று விதி இருக்கிறது. ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ வாழவந்தியிலோ தீர்மானம் போட்டாலும், அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் ஏறத் தலைவர் வேண்டுமே. உள்ளாட்சித் தேர்தலை நேரத்துக்கு நடத்து என்பதைக் கூலிக் கோரிக்கைக்குச் சமமாக ஒரு சங்கம் எழுதி வைத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

என் கணக்கில் சங்கமும் வார்டும் சேர்ந்த வழிதான் முதலிடம். சங்கம் இல்லாமல் தனியாக நிற்கும் சுயேச்சை ஜெயித்தாலும் சீக்கிரமே ஏதாவது ஒரு கட்சிக்காரராகிவிடுவார், கேட்க ஆள் இருக்காது. ஒற்றைச் சாலைக்குப் புறக்கணிப்பு சரி. நோட்டா கடைசி.

இப்போதைய சேலம் மாநகராட்சி மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது, ஐந்து வருஷக் கணக்கில் 2027 தொடக்கத்தில் காலம் முடிகிறது. வார்டுகளில் பாதி பெண்களுக்கு. எது யாருக்கு என்பது கடைசி நேரத்தில்தான் தெரியவரும் என்பதால், ஒரு பெண், ஒரு ஆண் என இரண்டு பேரை இப்போதே தயாராக்க வேண்டும். பெண்ணை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்காரர் கவுன்சிலராக உலாவும் ஏற்பாடு வேண்டாம், நல வாரிய மனுவைத் தானே எழுதத் தெரிந்தவராகப் பார்க்கலாம். இருவருக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறதா, வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்பதை இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.