ரெசிடென்ட் ஈவில் ஒரிஜினல் மூன்றும் ஜிஓஜி கடையில்: வாங்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். 1996, 1998, 1999 என்று பிளேஸ்டேஷனில் வந்த ரெசிடென்ட் ஈவில் திகில் கேம் தொடரின் முதல் மூன்று பாகங்களுடைய பழைய கம்ப்யூட்டர் பதிப்புகளை ஜிஓஜி என்ற இணையக் கேம் கடையில் 2024 ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒன்று சுமார் 10 டாலர். மூன்றையும் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் குறையும், தள்ளுபடி சமயம் பார்த்து வாங்கினால் இன்னும் குறையும்.

இதையெல்லாம்தான் அழகாக ரீமேக் செய்துவிட்டார்களே, இனி பழசு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த ரீமேக்கில் மணிக்கூண்டுப் பகுதி முழுசாகக் காணோம். நெமசிஸ் என்ற அரக்கன் துரத்தும்போது சட்டென்று இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கேற்பக் கதை கொஞ்சம் மாறுமே, அதுவும் போச்சு. இரண்டாம் பாகத்தின் 2019 ரீமேக் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் குறை சொல்ல மனசு வராது, ஆனால் பழைய கேமில் லியான் என்ற பாத்திரமாக முதலில் ஆடும்போது நீங்கள் ஒரு அறையிலிருந்து எடுத்துக்கொண்ட துப்பாக்கி, பின்னால் கிளேர் என்ற இன்னொருத்தியாக ஆடும்போது அங்கே இருக்காது. எதை அவளுக்கு விட்டுவைப்பது என்று யோசித்துக்கொண்டே ஆட வேண்டும், அந்த யோசனைக்கே ரீமேக்கில் வேலை இல்லை. ஆக இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை, பெயர் மட்டும் ஒன்றான வேறு வேறு கேம்கள். இரண்டும் கடையில் இருக்கட்டுமே.

ஜிஓஜி என்ன வேலை பார்த்திருக்கிறது என்றால், ஆடுபவர் கண்ணில் அதிகம் படாத வேலை. இன்றைய விண்டோஸில் மல்லுக்கட்டாமல் திறக்கிறது, ஒழுங்காக மூடுகிறது (பழைய கேம்களில் இதுவே ஒரு சாதனை), இப்போதைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் செருகியதும் வேலை செய்கின்றன, முழுத் திரையில் இல்லாமல் சின்ன ஜன்னலில் வைத்தும் ஆடலாம். மற்றபடி கேமைத் தொடவில்லை. சதுரத் திரைக்கு வரைந்த பின்னணிகள், அறைக்கு அறை கதவு திறக்கும் காட்சி, டைப்ரைட்டரில் ரிப்பன் போட்டால்தான் சேவ், முதல் பாகத்தின் அந்த நாடகக் குரல் நடிப்பு எல்லாம் அப்படியே. நடக்கும் விதமும் அதேதான்: இடது வலது அழுத்தினால் ஆள் நின்ற இடத்திலேயே திரும்புவார், பிறகுதான் முன்னால் போவார். புதிதாக ஆடுபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை.

கடையைப் பற்றி. போலந்தின் சிடி புராஜெக்ட் என்ற கேம் நிறுவனம் 2008இல் ஆரம்பித்தது, அப்போது பெயரே குட் ஓல்டு கேம்ஸ். வாங்கினால் பூட்டு எதுவும் இல்லாத இன்ஸ்டாலரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இன்டர்நெட் இல்லாமலும் நிறுவலாம், கடை நாளைக்குக் கதவைச் சாத்தினாலும் உங்கள் டிஸ்கில் இருப்பது ஓடும். 2024 நவம்பரில் 100 கேம்களை வைத்து ஒரு பாதுகாப்புத் திட்டமும் தொடங்கினார்கள். அதில் இருப்பவற்றை இனி வரும் கம்ப்யூட்டர்களிலும் ஓட வைப்பது தங்கள் பொறுப்பு என்கிறார்கள்.

மற்ற இடங்களில் நடந்ததைப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 2021இல் ராக்ஸ்டார் நிறுவனம் தன்னுடைய ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றுக்கும் புதுப் பதிப்பு வருகிறது என்று பழசை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்துவிட்டது. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே வளர்ந்த கேம்கள் இவை. வந்த புதுசோ, மழை பெய்தால் திரை தெரியாது, கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை, தூரத்து மூட்டத்தை எடுத்துவிட்டதால் பெரிய ஊராகத் தெரிந்த சான் ஆண்ட்ரியாஸ் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது. திட்டு வாங்கியபின் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டர் பதிப்புகளைத் தங்கள் சொந்தக் கடையில் திரும்ப வைத்தார்கள். பிளிசார்டு நிறுவனம் அதற்கும் ஒரு படி மேலே. 2020இல் வார்கிராஃப்ட் 3 கேமின் புதுப் பதிப்பான ரீஃபோர்ஜ்டு வந்தபோது, பழைய கேமைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் புது மென்பொருளைத்தான் தள்ளிவிட்டது. வீட்டில் இருக்கும் பழைய புத்தகத்தைப் பதிப்பகத்தார் வந்து எடுத்துக்கொண்டு திருத்திய பதிப்பை வைத்துவிட்டுப் போவதுபோல.

இருந்தாலும் ஜிஓஜியையும் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன். அங்கே 2017இல் வந்த 2002ஆம் வருட மாஃபியா கேமில், உரிமம் இல்லாததால் பின்னணியில் ஓடும் அந்தக் காலத்து ஜாஸ் பாட்டுகள் கிடையாது. 1930களின் ஊரில் கார் ஓட்டும் கேமில் பாட்டு போனால் பாதி உயிர் போய்விடும், அதை எப்படி ஒரிஜினல் என்று சொல்வது? 2022இல் பிளேட் ரன்னர் என்ற பழைய கேமுக்குப் புதுப் பதிப்பு வந்ததும் இவர்கள் கடையிலும் பழசு காணாமல் போய், கூச்சல் கிளம்பியபின்தான் திரும்பி வந்தது. வார்கிராஃப்ட் முதல் இரண்டு பாகங்களும் 2024 டிசம்பர் 13 முதல் விற்பனையில் இல்லை. பிளிசார்டு எடுக்கச் சொன்னது, எடுத்துவிட்டார்கள். உரிமை வைத்திருப்பவர் வேண்டாம் என்றால் எந்தக் கடைக்கும் வேறு வழி இல்லை, சரி. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இன்ஸ்டாலர் அப்படியே இருக்கும், அதைத் தொடர்ந்து பராமரிப்போம் என்றும் அறிவித்தார்கள், அந்த ஒரு விஷயத்தில் மற்றவர்களைவிட நேர்மையாக நடந்துகொண்டார்கள். லினக்ஸ்காரர்களுக்கு கேம்களை நிறுவ உதவும் இவர்களுடைய கேலக்ஸி செயலி இன்னும் வரவில்லை என்பது தனிக் குறை.

மூன்றில் ஒன்று மட்டும் வாங்குவதானால் இரண்டாம் பாகம். லியான், கிளேர் இருவரையும் மாற்றி மாற்றி முடித்துப் பாருங்கள், பத்து டாலருக்கு மேலேயே கிடைக்கும். செயலி வழியாக நிறுவிவிட்டு அதோடு விட்டுவிடாமல், இன்ஸ்டாலரைத் தனியாக டவுன்லோடு செய்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும் போட்டு வையுங்கள்.