மூக்கு ஸ்பிரேயை முன்கூட்டியே தொடங்குங்கள்: மகரந்த அலர்ஜியோடு ஆறு சீசன்

கோடை முடியப் போகிற நேரத்தில்தான் எனக்குத் தொல்லை ஆரம்பிக்கும். ஆகஸ்ட் பாதியில் முதல் தும்மல், அப்புறம் முதல் உறைபனி விழும்வரை நிற்காது. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகும் மூக்கு, அண்ணத்தில் நாக்கால் தேய்த்தும் போகாத அரிப்பு, மதியத்துக்குமேல் தலைபாரம். ஆறு வருடமாக இதற்கு என்னென்ன பயன்படுத்தினேன், எது நின்றது, எதை விட்டேன் என்று எழுதுகிறேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதும் ரிவ்யூ இல்லை இது.

முதல் வருடம் சளி என்றே நினைத்தேன். சளி என்றால் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாளில் அடங்கிவிட வேண்டும், எனக்கு ஆறு வாரம் ஆகியும் அடங்கவில்லை, காய்ச்சலும் இல்லை, கண்ணில் அரிப்பு வேறு. அடுத்த வருடமும் அதே தேதியில் வந்தபிறகுதான் மருத்துவரிடம் போனேன். அலர்ஜி பரிசோதனைக்கு, முன்கையில் பலவகை மகரந்தச் சாற்றை வரிசையாகச் சொட்டு வைத்து லேசாகக் கீறிப் பார்ப்பார்கள், கால் மணி நேரத்தில் ஒத்துக்கொள்ளாத இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடிக்கும். இதில் ஒரு விஷயம்: அலர்ஜி மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பே வராது. நான் முந்தின நாள் மாத்திரை போட்டுவிட்டுப் போனதால் இரண்டாம் முறை போக வேண்டியதாயிற்று.

தடித்தது ராக்வீட். நமக்குத் தெரிந்த பார்த்தீனியம் சேர்ந்த அதே சூரியகாந்திக் குடும்பத்துக் களைதான். பச்சை நிறத்தில் கண்ணில் படாத பூ, ஆனால் ஒரே செடி ஒரு பருவத்தில் 100 கோடி மகரந்தத் துகள்வரை விடும், அது காற்றில் பல நூறு கிலோமீட்டர் போகும். வீட்டைச் சுற்றி இருப்பதைப் பிடுங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நானும் ஒரு சனிக்கிழமை முழுவதும் குனிந்து நிமிர்ந்தேன், பலன் இல்லை. அதே சமயத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடியைப் பலரும் குற்றம் சொல்வார்கள். அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சிகள்தான் தூக்கிப் போகும், காற்றில் வந்து மூக்கில் ஏறுவது மிகக் குறைவு.

இனி மருந்துகள். முதலில் மாத்திரை. டைஃபென்ஹைட்ரமின் வகையை இரண்டு நாள் போட்டேன், தும்மல் நின்றது, ஆனால் மறுநாள் மதியம்வரை தலை தெளியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். செட்ரிசின் பரவாயில்லை, ஆனாலும் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது, இரவில் போட்டுச் சமாளித்தேன். மூன்றாம் வருடத்திலிருந்து ஃபெக்ஸோஃபெனடின், தூக்கமே இல்லை. ஆனால் இதைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பு கிரகிப்பது வெகுவாகக் குறையும், தண்ணீரோடுதான் சாப்பிட வேண்டும். இது தெரியாமல் ஒரு மாதம் காலை ஜூஸோடு போட்டுக்கொண்டு மருந்து சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை எதுவானாலும் தும்மலையும் அரிப்பையும் பிடிக்கும், மூக்கடைப்பை அவ்வளவாகத் தொடாது.

அந்த அடைப்புக்காக நான் செய்த தப்பு ஆக்ஸிமெட்டாசோலின் என்ற மூக்கடைப்பு ஸ்பிரே. அடித்த ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும், அந்தச் சுகத்தை மறக்க முடியாது. மூன்று நாளுக்குமேல் போடக்கூடாது என்று பெட்டியிலேயே இருக்கிறது, நான் மூன்று வாரம் போட்டேன். பிறகு மருந்து இறங்க இறங்க முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி அடிப்பேன், ராத்திரி இரண்டு மணிக்கு அதற்காகவே விழிப்பேன். விட்டு வெளியே வர ஏறக்குறைய இரண்டு வாரம் வாயால்தான் மூச்சு. தயவுசெய்து இந்த வழியில் போகாதீர்கள்.

உண்மையில் என் ஆகஸ்டை மாற்றியது ஃபுளூட்டிகசோன் ஸ்பிரே. இத்தனைக்கும் முதல் முறை மூன்றே நாளில் தூக்கிப் போட்டுவிட்டேன், ஏனென்றால் ஒன்றும் ஆகவில்லை. இது அடித்ததும் திறக்கிற மருந்து இல்லை. மூக்குக்குள் இருக்கும் வீக்கத்தை நாள்கணக்கில் இறக்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம். அதனால் நான்காம் வருடத்திலிருந்து ஜூலை கடைசி வாரமே, ஒரு தும்மல்கூட இல்லாதபோதே தொடங்கிவிடுகிறேன், தினமும் ஒரே நேரத்தில், நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல். அந்த வருடம் செப்டம்பரில் ஒரு காலை எழுந்து பல் தேய்த்து முடித்த பிறகுதான் இன்னும் தும்மவில்லையே என்று உறைத்தது. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அடிக்கும் விதம் முக்கியம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் நேராக மேலே பார்த்து அடித்து, நடுச்சுவரில் பட்டுப் பட்டு இரத்தம் வந்துவிட்டது. இப்போது தலையை லேசாகக் குனிந்து, வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம், அதாவது காதுப் பக்கம் திரும்பிவிடும். அடித்ததும் உறிஞ்சி இழுக்கக் கூடாது, மெதுவாக மூச்சு போதும். தொண்டையில் மருந்து வாசனை வந்தால் பாதி வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். என்னுடைய பாட்டிலில் 120 அடி, துளைக்கு இரண்டு என்றால் சரியாக ஒரு மாதம்.

ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறேன். முன்னால்தான், பின்னால் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவே கூடாது. கொதிக்க வைத்து ஆறவைத்தது, அல்லது காய்ச்சி வடித்தது (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும். சுத்திகரிக்காத தண்ணீர் வழியே மூக்கில் ஏறும் ஒருவகை அமீபா மூளையைத் தாக்கி மரணம்வரை போயிருக்கிறது, அபூர்வம்தான், ஆனாலும் இதில் சோம்பல் வேண்டாம்.

வீட்டில் செய்ததில் அதிகம் உதவியது செலவே இல்லாதது: படுக்கும்முன் தலைக்குக் குளிப்பது. நாளெல்லாம் முடியில் ஏறிய மகரந்தம் தலையணைக்குப் போவதில்லை. துணியை வெளியே காயப்போடுவதில்லை, காலையிலிருந்து மதியம்வரை ஜன்னல் மூடியிருக்கும். காற்று சுத்திகரிப்பான் வாங்கியதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மகரந்தம் தூசியை ஒப்பிட்டால் பெரிய துகள், 20 மைக்ரான் அளவு, சீக்கிரம் தரையில் படிந்துவிடுகிறது. பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்ததே அதைவிட நன்றாக வேலை செய்தது.

இன்னொன்று, சீசனில் முலாம்பழம் சாப்பிட்டால் எனக்கு உதடும் தொண்டையும் அரிக்கும். ராக்வீட் உள்ளவர்களில் சிலருக்கு முலாம்பழம், வாழைப்பழம், வெள்ளரிக்காய் இப்படிச் செய்யும், அவற்றில் உள்ள புரதம் மகரந்தப் புரதத்தை ஒத்திருப்பதால். அரிப்போடு நிற்காமல் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரவில் இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் இருந்தாலும் அப்படித்தான், அது ஆஸ்துமாவாக இருக்கலாம், ஸ்பிரேயை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

கண் அரிப்பு மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஓலோபட்டடின் சொட்டு போட்டால் அடங்குகிறது, காற்றடிக்கும் நாளில் மறுபடி வந்துவிடுகிறது. அதனால்தான் நாக்கடியில் வைக்கும் ராக்வீட் மாத்திரை (உடம்பை அந்த மகரந்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது) பற்றி இப்போது மருத்துவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதை சீசனுக்குக் குறைந்தது 12 வாரம் முன்பே தொடங்க வேண்டும், முதல் மாத்திரை மருத்துவர் முன்னால்தான். ஜூலையில் ஞாபகம் வந்து இரண்டு வருடம் தவறவிட்டேன். இந்த முறை மே முதல் வாரத்துக்கே நேரம் வாங்கி வைத்திருக்கிறேன்.